அணை மேல் போன பாலைவனச் சாலை

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலை வகுப்பொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று நாம் ஒரு ரோட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். அது நம் ஊர் ரோடு அல்ல. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கோடியில், புல் பூண்டு முளைக்காத பாலைவனத்தில் போகிற ரோடு. அதன் பெயர் 93-ம் எண் நெடுஞ்சாலை. வடக்கே கனடா எல்லையில் புறப்பட்டு, மொன்டானா, ஐடஹோ, நெவாடா மாநிலங்களைக் கடந்து, தெற்கே அரிஸோனாவில் போய் முடிகிறது. நெவாடாவுக்கும் அரிஸோனாவுக்கும் நடுவே கொலராடோ ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றை இந்த ரோடு எழுபது வருஷங்களுக்கு மேல் ஓர் அணைக்கட்டின் தலைமேல் ஏறித்தான் கடந்தது. அந்த அணைதான் ஹூவர் அணை.

ரோடு என்றால் அதில் லாரி ஓட்டுகிறவனும் உண்டு, அதைப் போட்டவனும் உண்டு. சுற்றுலாப் புத்தகங்களில் அணையின் உயரமும் அகலமும் இருக்கும். எஞ்சினீயரின் படமும் இருக்கும். கல் அள்ளியவனைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிசயம். ஆகவே நாம் அவனிடமிருந்தே தொடங்குவோம்.

முதலில் இடத்தைக் கொஞ்சம் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். கொலராடோ சாதாரண ஆறு அல்ல. பல லட்சம் வருஷங்களாக மலையை அறுத்து அறுத்து, அதல பாதாளத்தில் ஓடுகிறது. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் ஒரு கயிறு போலத் தெரியும். இந்த ஆற்றை வண்டி வாகனம் கடப்பதற்கு, கீழே டோபாக் என்ற இடத்தில் 1916-ல் ஒரு பாலம் கட்டினார்கள். மேலே வெகு தூரத்தில் நவஹோ பாலம் 1929-ல் திறக்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் நடுவே, புகழ்பெற்ற கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு முழுவதும் அடங்கிய அந்த நெடுந்தூரத்தில், வண்டி போகப் பாலமே கிடையாது. பரிசல் போன்ற மிதவைப் படகில் மோட்டாரை ஏற்றி அக்கரைக்குத் தள்ளுவார்கள். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. லாஸ் வேகாஸ் அப்போது 5,000 பேர் வாழ்ந்த சின்ன ரயில்வே ஊர். அங்கிருந்து அரிஸோனாவின் கிங்மன் ஊருக்கு நேர்வழி என்று ஒன்று இருக்கவில்லை.

1928 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் அணை கட்டச் சட்டம் போட்டது. 1931 மார்ச்சில் காண்டிராக்ட் கொடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் ஒரு கம்பெனி அல்ல. பல பெரிய காண்டிராக்டர்கள் கூட்டுச் சேர்ந்து 'ஆறு கம்பெனிகள்' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தார்கள். பெக்டெல், கெய்ஸர், மாரிஸன்-க்னுட்ஸன் எல்லாரும் அதில் உண்டு. பின்னாளில் இந்தப் பெயர்கள் உலகம் முழுவதும் பிரபலமாயின. காண்டிராக்ட் தொகை 4 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல்.

அந்த வருஷத்தைக் கவனியுங்கள். 1931. அமெரிக்காவில் மாபெரும் பொருளாதார நெருக்கடி. ஆலைகள் மூடிக் கிடக்கின்றன, பாங்குகள் திவாலாகின்றன, லட்சக்கணக்கான தொழிலாளிகள் தெருவில் நிற்கிறார்கள். அணை வேலை வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், 5,000 பேர் இருந்த ஊரில் 10,000 முதல் 20,000 வரை வேலையற்றவர்கள் வந்து குவிந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு, ஓட்டை மோட்டாரில் பாயும் சட்டியும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆற்றங்கரையில் துணியையும் அட்டையையும் வைத்துக் குடிசை போட்டார்கள். அந்தச் சேரிக்கே 'கந்தல் ஊர்' என்று பெயர் வந்துவிட்டது. குடிக்க ஆற்றுச் சேற்றுத் தண்ணீர். அந்தக் கோடையில் பகல் வெயில் சராசரி 119 டிகிரி பாரன்ஹீட். ஜூன் 25 முதல் ஜூலை 26 வரை ஒரே மாதத்தில், வெப்பம் தாங்காமல் வேலைக்காரரும் முகாம்வாசிகளுமாக 16 பேர் இறந்தார்கள்.

குடியிருப்பு முதலில் கட்டுவது, வேலை பிறகு தொடங்குவது என்பதுதான் திட்டம். நெருக்கடியைக் காட்டி, வேலை கொடுக்க அவசரம் என்று சொல்லி, வேலையை முதலில் தொடங்கினார்கள். வேலை கொடுக்க அவசரப்பட்டவர்களுக்கு, வேலைக்காரன் தலைக்குமேல் ஒரு கூரை போட அவசரம் வரவில்லை.

அணை கட்ட வேண்டுமானால் முதலில் ஆற்றைத் திருப்ப வேண்டும். அதற்காக மலையைக் குடைந்து நான்கு சுரங்கங்கள், கரைக்கு இரண்டாக. ஒவ்வொன்றும் 56 அடி விட்டம். மொத்த நீளம் சுமார் 3 மைல். சுரங்கத்துக்குள் வெப்பம் 140 டிகிரி வரை போயிற்று. வெடி வைத்துப் பாறையை உடைப்பார்கள். புகை அடங்குமுன் கல் அள்ள ஆட்களை உள்ளே தள்ளுவார்கள். கல்லை வெளியே கொண்டுபோக பெட்ரோல் லாரிகள். மூன்று ஷிப்டு, ஏழு நாளும் வேலை. வருஷத்தில் இரண்டே நாள் விடுமுறை என்று அங்கே வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்: கிறிஸ்துமஸ் ஒன்று, ஜூலை 4 சுதந்திர தினம் ஒன்று.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பஞ்சாலையில் புளோரூமில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது உடனே புரியும்.

பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய இடத்தில் அது சேர்ந்தால் முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு சாவு. நெவாடா மாநிலச் சட்டம் சுரங்கத்துக்குள் பெட்ரோல் வண்டி ஓட்டக் கூடாதென்று தெளிவாகவே சொல்லியிருந்தது. மாநிலச் சுரங்க இன்ஸ்பெக்டர் 1931 நவம்பரில் லாரிகளை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டார். கம்பெனி என்ன செய்தது? கோர்ட்டுக்கு ஓடியது. அந்த இடம் மத்திய சர்க்காருக்கு ஒதுக்கப்பட்ட நிலம், மாநிலச் சட்டம் எங்களைக் கட்டாது என்று வாதாடி, இன்ஸ்பெக்டருக்குத் தடை உத்தரவு வாங்கியது. 1932-ல் தீர்ப்பும் கம்பெனிக்கே சாதகமாக வந்தது. மின்சார வண்டி வைத்தால் செலவு. நின்று நிதானித்தால் தாமதம். தாமதித்தால் சர்க்காருக்கு அபராதம் கட்ட வேண்டும். ஆகவே புகை இருக்கட்டும், லாரி ஓடட்டும் என்று முடிவாயிற்று.

ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். கம்பெனி டாக்டர் எழுதினார்: நிமோனியா. நிமோனியா என்றால் அது தொழில் விபத்து ஆகாது. விபத்து இல்லையென்றால் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு இல்லை. இப்படி நிமோனியா என்று எழுதப்பட்ட சாவுகள் 42. அதே காலத்தில் பக்கத்திலிருந்த குடியிருப்பில் அணைத் தொழிலாளி அல்லாத எவரும் நிமோனியாவில் சாகவில்லை. அணைக்கட்டில் வேலை செய்கிறவனை மட்டும் தேடிப் பிடிக்கிற நிமோனியா எந்த ஊரில் இருக்கிறது, தோழர்களே? வாயுவினால் உடல் கெட்டவர்கள் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். வருஷக் கணக்கில் இழுத்தடித்தார்கள். 1936 ஜனவரியில் 50 வழக்குகளை, எவ்வளவு கொடுத்தோம் என்று வெளியே சொல்லாமல், கம்பெனி பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. சர்க்கார் கணக்கில் அணை கட்டும்போது இறந்தவர்கள் 96 பேர். அந்த 96-ல் இந்த 42 சேராது.

அவர்கள் வாய் மூடிக்கொண்டு இருந்தார்களா? இல்லை. 1931 ஆகஸ்டு 7 அன்று சுரங்கத் தொழிலாளிகளின் கூலியைக் கம்பெனி குறைத்தது. வெளியே ஆயிரக்கணக்கான பேர் வேலைக்குக் காத்து நிற்கிறார்கள், இவர்கள் எங்கே போய்விடுவார்கள் என்ற தைரியம். அன்றிரவே தொழிலாளிகள் கூடி ஒரு கமிட்டி அமைத்தார்கள். கூலிக் குறைப்பை ரத்து செய், குடிக்க நல்ல குளிர்ந்த தண்ணீர் கொடு, ஒழுங்கான கக்கூஸ் கட்டு, சுரங்கச் சட்டங்களை மதித்து நட. இவைதான் முக்கியக் கோரிக்கைகள். மறுநாள் மானேஜரிடம் கொடுத்தார்கள். அதற்கு மறுநாள் பதில் வந்தது: ஒன்றும் கிடையாது, எல்லா வேலையும் நிறுத்தம், அத்தனை பேரும் டிஸ்மிஸ், மாலை 5 மணிக்குள் இடத்தைக் காலி செய். தொழிலாளி வேலையை நிறுத்தினான் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் வாசலைப் பூட்டியது கம்பெனிதான்.

உலகத் தொழில் உழைப்பாளர் சங்கம் என்ற பழைய போராட்ட ஸ்தாபனம் 11 பேரை அங்கே அனுப்பியிருந்தது. அவர்களில் பலரை லாஸ் வேகாஸ் போலீஸ் பிடித்து உள்ளே போட்டது. வேலைநிறுத்தக்காரர்களும் 'நாங்கள் அவர்களோடு சேர்ந்தவர்கள் அல்ல' என்று சொல்லி அவர்களை விலக்கினார்கள். விலக்கினால் முதலாளி இரங்குவான் என்று நினைத்திருக்கலாம். முதலாளி இரங்கவில்லை, சங்கம் இல்லாமல் போனதுதான் மிச்சம். இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. பசித்த வயிற்றோடு அந்த வெயிலில் நின்றவனைப் பற்றி இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். ஆகஸ்டு 13-ல் கம்பெனி மீண்டும் ஆள் எடுக்கத் தொடங்கியது. இரண்டு நாளில் போராட்டம் கைவிடப்பட்டது. கேட்டது ஒன்றும் கிடைக்கவில்லை. இனிக் கூலியைக் குறைக்க மாட்டோம் என்ற வாக்கு ஒன்றுதான் மிச்சம். அந்த வருஷக் கடைசியில் போல்டர் சிட்டி என்ற புதுக் குடியிருப்புக்கு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். தண்ணீரும் கூரையும் கிடைத்தன.

அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் இடம் உண்டா? கறுப்பர்களுக்கு இல்லை. ஆரம்பத்தில் அவர்களை வேலைக்கே எடுக்கவில்லை. கூக்குரல் எழுந்த பிறகு 1932-ல் சிலரை எடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர் வேலை செய்த இடத்தில் ஒரு சமயத்திலும் கறுப்பர் 30 பேரைத் தாண்டவில்லை. கடைநிலைக் கூலி, குடிக்கத் தனி வாளி, தூங்க 30 மைல் தள்ளி லாஸ் வேகாஸுக்குப் போக வேண்டும். தனி வாளி என்றவுடன் இங்கே சில தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். புரிகிறது. சீனர் முதலான ஆசிய இனத்தாரை எடுக்கவே கூடாதென்று காண்டிராக்டிலேயே எழுதியிருந்தது.

இனி மலைச் சுவர் வேலை. அணை போய்ப் பொருந்தும் இடத்தில் உளுத்த பாறை இருக்கக் கூடாது. ஆகவே ஆட்கள் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கி, கடப்பாறையாலும் வெடியாலும் பாறையைச் செதுக்கினார்கள். மேலிருந்து கல் விழுந்தால் தலை போயிற்று. கம்பெனி தொப்பி கொடுக்கவில்லை. தொழிலாளிகள் தாங்களே துணித் தொப்பியைத் தாரில் முக்கி, காயவைத்து, மறுபடி முக்கி, கல் போல் கெட்டியாக்கிப் போட்டுக்கொண்டார்கள். தாடை உடைந்தும் மண்டை பிழைத்தவர்களைப் பார்த்த பிறகுதான் கம்பெனி ஆயிரக்கணக்கில் கெட்டித் தொப்பி வாங்கியது. இன்று கட்டட வேலையில் எல்லாரும் போடுகிற தொப்பிக்கு அந்தத் தார்த் தொப்பியும் ஒரு முன்னோடி.

1932 நவம்பரில் ஆறு சுரங்கங்களில் திரும்பியது. 1933 ஜூன் 6-ல் கான்கிரீட் போட ஆரம்பித்து 1935 மே 29-ல் முடித்தார்கள். 32 லட்சத்து 50 ஆயிரம் கன கெஜம் கான்கிரீட். சிமெண்டு இறுகும்போது சூடு உண்டாகும் என்பது கொத்தனார்களுக்குத் தெரியும். இவ்வளவையும் ஒரே மொத்தையாகக் கொட்டினால் சூடு ஆற நூறு வருஷத்துக்கு மேல் ஆகும், வெடிப்பும் விடும். ஆகவே தனித்தனிக் கட்டைகளாக, ஐந்தைந்து அடி உயரத்துக்குப் போட்டார்கள். உள்ளே ஓர் அங்குல இரும்புக் குழாய்களை 582 மைல் நீளத்துக்குப் பதித்து, குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டை எடுத்தார்கள். பிறகு குழாய்களைச் சிமெண்டுப் பாலால் அடைத்தார்கள். இது நல்ல வேலை; மெச்ச வேண்டிய வேலை. கான்கிரீட்டுக்குள் பல தொழிலாளிகளின் உடல் புதைந்திருக்கிறது என்று ஒரு கதை இன்றும் சொல்லுவார்கள். அது உண்மை அல்ல. ஒரு தொட்டி கொட்டினால் மட்டம் சில அங்குலம்தான் ஏறும். ஆள் மூழ்க வழியில்லை. இருக்கிற உண்மையே போதும், கதை கட்ட வேண்டியதில்லை. 1922 டிசம்பர் 20-ல் அணைக்கு இடம் பார்க்க ஆற்றில் இறங்கிய ஒருவர் மூழ்கி இறந்தார். 1935-ல், அதே டிசம்பர் 20-ல், அவருடைய மகன் அணையின் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்தார்.

1935 ஜூலையில், சாப்பாட்டு நேரத்தைத் தொழிலாளியின் கணக்கில் தள்ளப் பார்த்தபோது, மறுபடியும் வேலைநிறுத்தம். இந்தத் தடவை அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. ஆனால் நாளைக்கு ஒரு டாலர் கூடுதல் கேட்டது கிடைக்கவில்லை. 1935 செப்டம்பர் 30-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து அணையைத் திறந்து வைத்தார். 1936 மார்ச் 1-ல், கெடுவுக்கு இரண்டு வருஷத்துக்கும் முன்பாகவே, கம்பெனி வேலையை ஒப்படைத்தது. அந்த அவசரத்தின் விலை என்ன என்பதை ஏற்கெனவே பார்த்தோம்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். அணையின் உயரம் 726 அடி, உச்சியில் நீளம் 1,244 அடி, அகலம் 45 அடி. அந்த 45 அடியில்தான் ரோடு. இரண்டு வண்டி ஒன்றையொன்று தாண்டலாம். 1930-களின் நடுவில் 93-ம் எண் ரோடு தெற்கே நீண்டு, இதன் மேலேறி கிங்மன் போய்ச் சேர்ந்தது. 466-ம் எண் ரோடும் 1971 வரை கூடவே ஓடியது. மிதவைக்குக் காத்துக் கிடந்த இடத்தில் ஒரு நிமிஷத்தில் மாநிலம் மாறலாம். அணையின் இரு பக்கத்துக் கோபுரங்களிலும் கடிகாரங்கள். ஒன்று நெவாடா நேரம், மற்றது அரிஸோனா நேரம். குளிர்காலத்தில் ஒரு மணி வித்தியாசம் காட்டும். கோடையில் நெவாடா கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் இரண்டும் ஒத்துப்போகும்.

பழைய ரோடு ஒன்றை அணை விழுங்கியும் இருக்கிறது. செயின்ட் தாமஸ் என்ற சிற்றூர் வழியாக முன்னே மோட்டார்ப் பாதை போனது. தேங்கிய தண்ணீரில் ஊர் மூழ்கியது. 1938 ஜூனில் கடைசி மனிதர் படகேறி வெளியேறினார்.

அந்தத் தண்ணீர் யாருக்குப் போயிற்று என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கேட்பீர்கள். ஒரு பெரும் பங்கு, 1940-ல் வெட்டி முடித்த கால்வாய் வழியாக, கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போயிற்று. பெரும் பண்ணைகள் நிறைந்த இடம். 1902-ம் வருஷத்துச் சட்டப்படி, சர்க்கார் பாசனத் தண்ணீர் ஒரு சொந்தக்காரருக்கு 160 ஏக்கருக்கு மேல் கிடையாது. நிலம் சிறு விவசாயியிடம் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1933 பிப்ரவரியில், பதவியை விட்டு இறங்கப்போகிற நேரத்தில், உள்நாட்டு மந்திரி ஒரு கடிதம் எழுதினார்: இந்த வரம்பு இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது என்று. ஒரே ஒரு கடிதம். அது செல்லும் என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நம் நாட்டுப் பஞ்சாபிகள் பலர் 1910-களிலேயே அங்கே போய் பயிர் செய்தார்கள். ஆசியர் நிலம் வாங்கக் கூடாதென்ற 1913-ம் வருஷச் சட்டத்தால் குத்தகைக்கும் பினாமிக்கும் அலைந்தார்கள். 1934 ஜனவரியில் அதே பள்ளத்தாக்கில் கீரை அறுக்கும் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் மெக்ஸிகோக்காரர்கள். அவர்களுக்காகப் பேச வந்த வக்கீலைக் குண்டர்கள் கடத்திப் போய் அடித்துப் பாலைவனத்தில் விட்டார்கள். அணை உயர்ந்துகொண்டிருந்த அதே மாதம்தான் அது.

ரோட்டின் கதையில் பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாவது உலக யுத்தத்தில் அணையை மூடி, அனுமதி பெற்ற வண்டிகளை மட்டும் காவலோடு கூட்டமாக விட்டார்கள். 1945 செப்டம்பரில் திறந்தார்கள். லாஸ் வேகாஸ் சூதாட்ட நகரமாகப் பெருத்தது, லாரிகள் பெருத்தன, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பெருத்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கூட்டத்துக்கு நடுவே அணையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். லாரி டிரைவர்களுக்கு அது பெரும் தொல்லை. வேறு பாலம் வேண்டும் என்று 2001 மார்ச்சிலேயே இடம் முடிவாகிவிட்டது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பெரிய லாரிகளை அணைமேல் அடியோடு தடுத்தார்கள். அவை இருபது மைலுக்கு மேல் சுற்றிக்கொண்டு போயின. பாலம் அந்தத் தாக்குதலால் வந்தது என்பார்கள். அது வேகத்தைக் கூட்டியது, அவ்வளவுதான்.

அணைக்கு 1,500 அடி கீழே, ஆற்றுக்கு 890 அடி உயரத்தில், 1,060 அடி வளைவுப் பாலம் எழுந்தது. 2006 செப்டம்பரில் பெருங்காற்றில் கம்பிவடக் கோபுரங்கள் சாய்ந்து வேலை நின்றது. 2008 நவம்பரில் ஒரு தொழிலாளி வேலையில் இருந்தபடியே இறந்தார். 2010 அக்டோபர் 19-ல் வண்டிகள் ஓடத் தொடங்கின. பாலத்துக்கு இரண்டு பெயர்கள் வைத்தார்கள்: ஒன்று பழைய நெவாடா கவர்னர், மற்றது பாட் டில்மன் என்ற பந்தாட்ட வீரர். அவர் பட்டாளத்தில் சேர்ந்து 2004-ல் ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரி சுட்டான் என்று முதலில் அறிவித்தார்கள். தன் சொந்தப் படையின் குண்டே அவரைக் கொன்றது என்பது குடும்பத்துக்கு வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. 2018 ஆகஸ்டில் போல்டர் சிட்டியைச் சுற்றி வேகச்சாலையும் திறந்தாயிற்று.

இன்று நான்கு தடத்தில் லாரிகள் பாலத்தில் பறக்கின்றன. இருபுறமும் கைப்பிடிச் சுவர் உயரம். மோட்டாரில் போகிறவர்களுக்கு அணை கண்ணில் படாது. பார்க்க வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, படியேறி, நடைபாதையில் போக வேண்டும். அங்கிருந்து குனிந்தால் பழைய ரோடு முழுவதும் தெரியும். நெவாடாவிலிருந்து இறங்கி, இரண்டு கடிகாரங்களையும் தாண்டி, அரிஸோனாப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் திடல் வரை போகிறது. அதற்கு அப்பால் வழியை அடைத்திருக்கிறார்கள். போன வண்டி அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஓரத்து மலைச் சுவரில் 2022 கோடையில், அணையின் ஏரி நிரம்பிய காலத்திலிருந்து காணாத அளவுக்குத் தண்ணீர் இறங்கி, பாறையில் வெள்ளைப் பட்டை ஒன்று பல பனை உயரத்துக்குத் தெரிந்தது. அதற்கு மேலே, கயிற்றில் தொங்கியவர்கள் செதுக்கிய பாறை.